இறக்கை இல்லாத சக்கரமும் லயத்து விளக்கும்

இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு அதை மேடை என்று எங்களை நம்ப வைத்திருக்கும் கோயில் தலைவர் யோகேந்திரன் அவர்களே, மழையால் ஓடிப்போக வழியில்லாமல் சிக்கிக்கொண்ட பெருமக்களே, வணக்கம்.

பாடாங் மேஹா தோட்டம் கண்ட மாமேதை, சுழற்சிச் சக்கரவர்த்தி, என் மச்சான் பரஞ்சோதி மறைந்துவிட்டார். இமயத்தைவிட உயர்ந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது என்பது வேறு விஷயம்.

தோட்டத்தை வாங்கிய புதிய முதலாளி, நீங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான இந்த லயத்துக்கு மின்சாரத்தை வெட்டினார். தருவதாகச் சொன்ன வீடுகளுக்கோ இன்னும் கூரை ஏறவில்லை. இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. ஆளில்லாத லயம் என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டால் போதும், இடித்துவிடலாம். மச்சான் என்ன செய்தார்? மூடிப்போன தன் படக் கடையில் மீந்த சிடி தட்டுகளை ஒரே அச்சில் கோத்தார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு. நடுப்பகுதியில் தண்ணீர் வெளியேறத் துளைகள். எல்லாவற்றையும் ஒரு கூட்டுக்குள் வைத்து, வாய்க்கால் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து விளிம்பை ஒட்டிப் பாய்ச்சினார்.

“இறக்கை எங்க மச்சான்?” என்றேன்.

“எதுக்கு? தண்ணி தட்டுல ஒட்டிக்கிட்டே ஓடும் லா. ஒட்டுறது தட்டயும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவும்.”

அவ்வளவுதான் ரகசியம். விளிம்பில் நுழைந்த தண்ணீருக்கு நடுவில் மட்டுமே வாசல். இடுக்கில் மாட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. போகிற போக்கில் தன் வேகத்தைத் தட்டுகளிடம் இழக்கிறது. அச்சு சுழலும், டைனமோ சுழலும், விளக்கு எரியும். அலோர் ஸ்டார் வரை வெளிச்சம் தெரிந்தது. சரி, சாலை வரை. ஆட்கள் இருக்கிறார்கள் என்று சாலைக்குத் தெரிந்தால் போதாதா?

ஆயுத பூஜை வந்தது. மச்சானின் மனைவி, என் தங்கை உமாராணி கூட்டைத் திறந்து, தட்டுகளின் விளிம்பெல்லாம் சந்தனத்தை அப்பிவிட்டாள். அது காய்ந்து இடுக்கை அடைத்தது. அன்று விளக்கில்லை. விடிந்ததும் முதலாளியின் ஆள் வாசலில் நின்றான். “ரூமா கோசோங் தானே அண்ணே? காலி வீடு மாதிரி இருட்டா கெடந்துச்சே.”

மச்சான் தட்டுகளைக் கழுவியபடியே அவனைப் பார்த்தார். “காலி வீட்ல யாருகிட்ட தம்பி பேசிக்கிட்டு இருக்கே?” பிறகு உமாவிடம், “சந்தனப் பொட்ட மூடிக்கு மேல வையி, உள்ள எடமில்ல” என்றார்.

இப்போது துக்க வீட்டில் எதுவும் சுழலக் கூடாது என்று பெரியவர்கள் வாய்க்காலைப் பலகை போட்டு அடைத்துவிட்டார்கள். நேற்று அந்த ஆள் மறுபடி வந்து லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான்.

“அண்ணே, இனி யாரு லைட்டு போடுவா?” என்றாள் உமா. எனக்கோ என் ஊரான யானுக்குப் போகும் பஸ் ஞாபகம். அவள் என் பையைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மாட்டிக்கொண்டேன், பெருமக்களே. உங்கள் புது வீட்டுச் சாவி உங்கள் கைக்கு வரும்வரை மச்சானின் பணியை நான் செய்வேன். அவர் புகழை விடிய விடியப் பேச ஆசைதான். ஆனால் இருட்டப் போகிறது. தலைவரே, அந்த மாலையை அப்படி வையுங்கள். வாய்க்கால் பலகை கனம், தூக்க மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.