நீல அட்டையில் மூன்று பொட்டு

அன்புள்ள ஹாலிஸ்,

இரவு நிகழ்ச்சி என்று பெயரே தவிர, நாங்கள் யாரும் அதை இரவில் நடத்துவதில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்துவிடுவோம். நாடு முழுக்க ஜனங்கள் பதினொன்றரைக்குப் படுக்கையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, நான் பல் தேய்த்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் இருப்பேன். லோர்னாவோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய உங்களுக்கு இது தெரியாததல்ல. நேரம் இந்தக் கதையில் முக்கியம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நீல அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே ஒரு வரி: "இந்தப் படகின் பெயரை லோர்னா வேறு யாரிடம் சொன்னாள், மெர்வின்?" மூன்று வருஷம் கழித்துக் கேட்டாலும் நியாயமான கேள்வி. எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. நியூயார்க்கில் இந்த நவம்பர் மழையில் வெளியே போகவும் முடியவில்லை. உட்கார்ந்து முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

ரஸ் கிம்பலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவன் என்னிடம் வரும்போது, நிகழ்ச்சிக்கு முன்னால் கூட்டத்தைச் சிரிக்கவைத்துச் சூடேற்றி வைக்கிற ஆள். நான் மேடைக்கு வந்ததும் அவன் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும், அதுதான் வேலை. நல்ல பையன் என்று நினைத்தேன். மேசைக்குப் பின்னால் எப்படி உட்காருவது, விருந்தாளி சொதப்பினால் எப்படித் தூக்கி நிறுத்துவது என்று பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது, மூன்று வாரம் அவனை என் நாற்காலியில் உட்காரச் சொன்னதும் நான்தான். அந்த மூன்று வாரமும் ரேட்டிங் ஏறியது. எனக்குத் தையல் பிரிப்பதற்குள் எதிர் சேனல் அவனுக்கு அதே பதினொன்றரை மணியைக் கொடுத்துவிட்டது.

அதைக்கூட மன்னித்திருப்பேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அவன் முதல் நிகழ்ச்சியின் முதல் நகைச்சுவை என்னைப் பற்றியது. "எல்லாத்தையும் மெர்வின் டல்லிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. எப்ப நிறுத்தணும், எப்ப தலையாட்டணும், எப்ப தூங்கணும்னு." அன்று நான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி ஜெனிஸ் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் எங்கள் தெரு சாண்ட்விச் கடைக்காரன் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, "என்ன மெர்வ், தூக்கம் தெளிஞ்சுதா?" என்றான். நான் சிரித்தேன். நாலு வருஷம் அந்த ஒரே நகைச்சுவைக்கு விதவிதமாகச் சிரித்துக் காட்டினேன். அந்த நாலு வருஷமும் ரஸ் எனக்கு முன்னால் இருந்தான். தினமும் காலை பதினொரு மணிக்கு ரேட்டிங் தாள் மேசைக்கு வரும், என் உதவியாளர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். என் வயிறு எரிந்தது, ஹாலிஸ். அதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இனி லோர்னா. என் முதல் நிகழ்ச்சியின் முதல் விருந்தாளி அவள். உங்கள் பையன் டோபி போன பிறகு இரண்டு வருஷம் நீங்கள் இருவரும் ஏரிப் பக்கமே ஒதுங்கிவிட்டீர்கள். பையன் அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள். உடலும் கிடைக்காததால் அப்படிச் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். அந்த இரண்டு வருஷம் முடிந்த வசந்தத்தில் ஒரு மத்தியானம் என் ஒப்பனை அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் திரும்ப நடிக்கப் போறேன், மெர்வ். முதல்ல உன் ஷோவுக்குத்தான் வருவேன். டோபியைப் பத்தி மட்டும் கேட்டுடாதே."

"டோபி அலாஸ்காவுலதானே இருக்கான்?" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அன்று காலைதான் சின்னத் துடுப்புப் படகில் 'கேப்டன் பிஸ்கட்' என்று பச்சைச் சாயத்தில் பெயர் எழுதினான். காயட்டும் என்று அவள் சொன்னதைக் கேட்காமல் தண்ணீரில் இறக்கினான். படகு மட்டும் கரைக்கு வந்தது. "பாவம்னு யாராவது தலையைச் சாய்ச்சுப் பாத்தாங்கன்னா என்னால தாங்க முடியாது, மெர்வ்," என்றாள். நான் அவள் தோளில் கைவைத்து, ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. நான் கேட்கவேயில்லை.

நவம்பரில் அவள் படம் வந்தது. நவம்பர் எங்களுக்குப் பரீட்சை மாதம். அந்த மாத ரேட்டிங்கை வைத்துத்தான் சேனல்காரர்கள் எங்கள் தலையெழுத்தை எழுதுவார்கள். பெரிய நடிகை திரும்பி வந்தால் முதலில் எந்த மேசைக்கு வருகிறாள் என்பதற்கே ஒரு மரியாதை. லோர்னா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"படக் கம்பெனிக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க, மெர்வ். ரஸ்ஸுக்குத்தான் இப்ப பாக்கற ஆளு ஜாஸ்தியாம். அடுத்த வாரம் உன்கிட்ட வரேன், கோவிச்சுக்காதே."

"உன்மேல எனக்கு என்ன கோவம்?" என்றேன். அது உண்மை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது அட்டையைப் பற்றி. விருந்தாளி வருவதற்கு இரண்டு நாள் முன்பே எங்கள் ஆள் ஒருவர் தொலைபேசியில் பேசி, அவரிடமிருந்து மூன்று நாலு கதைகளைக் கறந்து நீல அட்டையில் எழுதிக் கொடுப்பார். கேள்வியும் அதில் இருக்கும், வரப்போகிற பதிலும் இருக்கும். சில விருந்தாளிகள் சொல்ல ஆசையாக இருந்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று பிகு பண்ணுவார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். அட்டை ஓரத்தில் சிவப்புப் பொட்டு. ஒரு பொட்டு என்றால் ஒரு தடவை வற்புறுத்து. மூன்று என்றால், விடாதே, மூன்றாவது தடவைதான் வாயைத் திறப்பார்கள். ரஸ் அந்த வழக்கத்தை என்னிடமிருந்து அப்படியே எடுத்துப் போனான். "முகத்தைப் பாத்தா இரக்கம் வரும், அட்டையைப் பாரு," என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். விருந்தாளியை நிகழ்ச்சிக்கு முன்னால் சந்திக்கவே கூடாது, புதுசு போய்விடும் என்பதும் என் பாடம்தான்.

அவனுக்கு அட்டை எழுதியவள் டாட்டி ஃபென். ஒன்பது வருஷம் என்னிடம் வேலை பார்த்துவிட்டு அங்கே போனவள். அந்தப் புதன்கிழமை அவளைச் சூப் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு, டாட்டி. லோர்னா என் சிநேகிதி. உங்க ஷோவுல அவ நல்லா வரணும். ஒரு கதை தரேன்."

"நீங்களா? எங்களுக்கா?" டாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "சூப்புல ஏதாவது கலந்திருக்கா, மெர்வ்?"

"அவ பையனோட படகுக் கதை. கேப்டன் பிஸ்கட். கேட்டா கூரை பறக்கும். முன்னாடியே போன்ல கேட்டுடாதே, அப்புறம் மேடையில சொல்ல மாட்டா. ரொம்ப பிகு பண்ணுவா. மூணு பொட்டு வை."

"ரஸ்கிட்ட யாரு குடுத்ததுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம். வயசான காலத்துல ஒரு நல்லது பண்றேன், அதைப் போய் விளம்பரம் பண்ணிக்கிட்டு."

அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை ரஸ்ஸின் அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார, ஒரு பத்திரிகைக்காரருக்கும் வேறொருவர் மூலமாக இடம் பிடித்துக் கொடுத்திருந்தேன். டேப்பை வெட்டிவிடலாம், அவரை வெட்ட முடியாது.

வியாழன் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு எங்களுக்கு முதல் விளம்பர இடைவேளை. நாலு தெரு தள்ளி அவனுக்கும் அதே நேரம்தான், அதன் பிறகு லோர்னா. நான் மேசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். என்ன நடந்தது என்பதை அந்த டேப்பில் பிறகு பார்த்தேன். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

"லோர்னா, உங்க பையன்கிட்ட ஒரு படகு இருக்காமே. பேரு கேப்டன் பிஸ்கட்டாம்," என்று ரஸ் ஆரம்பித்தான். கூட்டம் சிரித்தது.

"அது வேண்டாமே, ரஸ்."

அவன் அட்டையைப் பார்த்தான். "பாருங்கய்யா, வெக்கப்படறாங்க. கேப்டன் எங்க போனாரு?"

"நாம படத்தைப் பத்திப் பேசலாமே."

மறுபடி அட்டையைப் பார்த்தான். "படம் எங்கேயும் ஓடிடாது. கேப்டன் இப்ப எங்க இருக்காரு? சொல்லாம உங்களை எழுந்திரிக்க விடமாட்டேன்."

"ஏரிக்கு அடியில," என்றாள். "ரெண்டு வருஷமா."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னதால் அது பிரமாதமான நகைச்சுவை என்று கூட்டம் நினைத்தது. இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். லோர்னா தேர்ந்த நடிகை, ஹாலிஸ். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும், "உடம்பு கிடைக்கல," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ரஸ் அன்று இரவு பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டான். வெள்ளிக்கிழமைப் பத்திரிகை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவளை மூன்று தடவை கிண்டிச் சிரித்தவன் என்று பெயர் வாங்கினான். ஜனவரியில் அவன் நிகழ்ச்சி இல்லை. டாட்டி என் பெயரைச் சொல்லித்தான் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. ஒன்று கவனியுங்கள். நான் வைக்கச் சொன்னது வெறும் பொட்டு. அவன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பான். அவனுக்கு மூன்று வாய்ப்பு இருந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதோடு முடிகிறது. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது.

வியாழன் ஏழு மணிக்கு லோர்னா ஓட்டல் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை. "உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், மெர்வ். எப்படித் தெரிஞ்சுது அவங்களுக்கு?" என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, பதில் தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் புத்திசாலி. விடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது. நீங்கள் அந்த வாரம் சிகாகோவில் இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். படகு இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது என்பதையும் அவளே சொல்லியிருந்தாள்.

"இங்க இருக்காதே, பத்திரிகைக்காரனுங்க மொய்ச்சுடுவானுங்க," என்றேன். "ஏரி வீட்டுக்குப் போயிடு. டோபி பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். ஹாலிஸ்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ஆமா, மெர்வ்," என்றாள். "அங்கதான் போகணும்."

உங்களிடம் நான் பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் படகுத்துறையில் அவள் செருப்பைப் பார்த்தார்கள், படகு நடு ஏரியில் மிதந்துகொண்டிருந்தது. அவள் எதற்காக அங்கே போகிறாள் என்று அந்த "ஆமா"விலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் ரிசீவரை வைத்தேன். வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ஜெனிஸ் கோழி வறுத்திருந்தாள்.

ரஸ் ஒவ்வொரு நவம்பரும் வந்து உங்களோடு துறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு அது நல்லதுதான். அன்றைய நீல அட்டையை உங்களிடம் கொடுத்ததும் அவனாகத்தான் இருக்கும். நான் திங்கட்கிழமை நிகழ்ச்சியை முழுக்க லோர்னாவுக்கே ஒதுக்கினேன், நீங்களே நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருந்தீர்கள். அன்று நான் அழுதது நடிப்பில்லை. செவ்வாய் காலை பதினொரு மணிக்கு உதவியாளர் ரேட்டிங் தாளைக் கவிழ்க்காமல் வைத்துவிட்டுப் போனார். பதினான்கு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு உயரம் தொட்டதே இல்லை. லோர்னா இருந்திருந்தால் எனக்காக ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

உங்கள்,
மெர்வின்