விருந்தாளி தகட்டைத் தொடக் கூடாது

உங்கள் வீட்டில் விறகடுப்பு இல்லை என்று சொன்னீர்கள். நல்லதுதான். குழாயைத் திருகினால் சூடு வருகிற வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லையே? ஆடுகளுக்குப் புல் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஹில்யாவின் வீட்டு நடு அறையில் அந்த அடுப்பு பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். முழுக்கச் செங்கல். காலையில் பிர்ச் விறகை அடுக்கிப் பற்றவைத்தால் மதியத்துக்குள் எரிந்து தணலாகிவிடும். அந்தச் சூட்டைச் செங்கல் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் விடியும்வரை கொடுக்கும். இதற்காகப் புகைபோக்கியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. தள்ளி மூடினால் சூடு உள்ளே நிற்கும். மூட மறந்தால் கோடையெல்லாம் பிளந்த விறகு வானத்துக்குப் போய்விடும். அவசரப்பட்டு மூடினால் அது வேறு விஷயம். தணலின் மேல் நீலமாக ஒரு சுடர் ஆடிக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை கை வைக்கக் கூடாது. வைத்தால் வாசனையும் இல்லாமல் நிறமும் இல்லாமல் ஒரு நஞ்சு அறைக்குள் திரும்பிவிடும். இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

என் பெயர் கோடெலீவ். இந்த ஊர் வாய்க்கு அது வரவில்லை, லீவி ஆக்கிவிட்டார்கள். பெல்ஜியத்தில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஹில்யாவின் பண்ணை தன் சாப்பாட்டைத் தானே விளைவித்துக்கொள்ளும் பண்ணை, வேலைக்கு ஈடாக இடமும் உணவும் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று வாரம் உதவிவிட்டுத் திரும்பலாம் என்று வந்தேன். அதற்குப் பிறகு பதினெட்டுக் குளிர்காலம் போய்விட்டது.

அப்படி வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு கோடையிலும் வருவார்கள். மண்ணை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஹில்யாவுக்கே வகுப்பெடுப்பார்கள். ஆட்டுப் பட்டியைத் திறந்து போட்டுவிட்டுச் சூரியன் மறைவதைப் படம் எடுப்பார்கள். முதல் பனி விழுந்ததும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வேலையை நான் செய்வேன். நான் செய்த வேலையை ஹில்யா செய்வாள்.

இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நான் விறகு அடுக்கினால் வந்து பார்ப்பாள். "நல்லாத்தான் அடுக்கியிருக்க, லீவி," என்பாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டை மேலே வருகிற மாதிரி திருப்பி வைப்பாள். நான் மீன்வலையைப் பின்னி மாட்டினால் கழற்றி மறுபடி முடிச்சுப் போடுவாள். நிலவறையில் நான் தரம் பிரித்த உருளைக்கிழங்கை மறுபடி கொட்டிப் பிரிப்பாள். ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். யாராவது காப்பிக்கு வந்தால் என்னைக் காட்டி, "இது லீவி, பெல்ஜியத்துலேர்ந்து உதவிக்கு வந்திருக்கா," என்பாள். முதல் வருடமும் அதையே சொன்னாள், போன மாதமும் அதையே சொன்னாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள் தணல் அடங்கியிருந்தது. நானே பார்த்தேன். தகட்டின் பிடிமேல் கை வைத்தேன்.

"கைய எடு. விருந்தாளி தகட்டத் தொடக் கூடாது."

"மூணு வருஷமாச்சு, ஹில்யா. இன்னுமா விருந்தாளி?"

"காப்பி ஆறுது பாரு, குடி."

அவ்வளவுதான் பேச்சு. ஏரிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தைஸ்தோவிடம் இதைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அத மனசுல வச்சுக்காத. ஹில்யா சின்னப் பொண்ணா இருக்கறப்ப அவங்க அம்மா ஒருநாள் தகட்டச் சீக்கிரம் மூடிட்டாங்க. தம்பி தூங்குனவன் எந்திரிக்கல. அந்தம்மா சாகறவரைக்கும் யார் மூஞ்சியையும் நிமிர்ந்து பாத்ததில்ல. அதனாலதான் அந்த வேலைய இவ அடுத்தவங்க தலையில கட்ட மாட்டேங்கறா."

அது தைஸ்தோவின் விளக்கம். எல்லோருக்கும் நல்ல மனசு இருக்கிறது என்று நினைக்கிற மனுஷர். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் யார் தகட்டை மூடுகிறார்களோ அவர்களுடையது அந்த வீடு. மற்றவர்கள் எல்லாம் குளிர்காய வந்தவர்கள். ஹில்யாவுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் அவளே, "லீவி, நீ மூடு," என்பாள் என்று காத்திருந்தேன். நான் அவளிடம் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான். அதிகம் என்று சொல்வீர்களா?

போன இலையுதிர் காலத்தில், உருளைக்கிழங்கு தோண்டும்போது ஓர்னெல்லா வந்து சேர்ந்தாள். இத்தாலிக்காரி, முப்பதைத் தாண்டியவள். அவளைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் வாரத்திலேயே கிழங்கு தோண்டும் கவைக்கோலை உடைத்தாள். பட்டிக் கதவை மறந்தாள். ஆடுகள் சதுப்புப் பக்கம் ஓட, இவள் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடினாள். ஹில்யாவும் சிரித்தாள். வாசலில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒருமுறை ரை தானிய ரொட்டியில் உப்புப் போட மறந்தாள் ஓர்னெல்லா. "வெண்ணெய்ல உப்பு இருக்குல்ல, போதும்," என்று சாப்பிட்டாள் ஹில்யா. நான் மறந்திருந்தால் அந்த ரொட்டி ஆட்டுக்குப் போயிருக்கும். தைஸ்தோ வந்து, "என்ன ஹில்யா, இந்தத் தடவ வந்தது பாட்டெல்லாம் பாடுது! போன தடவ வந்தது இன்னும் வாயே தொறக்கல," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஓர்னெல்லாவுக்கு இருமல் வந்தது. ஹில்யா அவளை நடு அறையில், அடுப்பை ஒட்டிய கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டாள். நான் முற்றத்தைத் தாண்டி இருக்கிற வெளி வீட்டில்தான் படுக்கிறேன், வந்த நாளிலிருந்து. எனக்கும் இருமியிருக்கிறது. அது பெரிய விஷயமில்லை, விடுங்கள்.

புத்தாண்டு கழிந்து ஒரு மதியம். நான் மேசையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஹில்யா அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஓர்னெல்லா, இங்க வா. உள்ள பாரு. நீலம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. அழகா இருக்கு."

"அழகப் பாக்கச் சொல்லல. இருக்கா இல்லையா பாரு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்போ?"

"ஒரு மூலையில. ம்... போயிடுச்சு."

"நல்லாப் பாத்தியா? அப்ப மூடு."

அவள் மூடினாள். தகடு சரியும்போது ஒரு சத்தம் வரும், இரும்பு கல்லில் உரசுகிற சத்தம். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது.

அவள் தண்ணீர் எடுக்கப் போன பிறகு, "என்கிட்ட கேட்டிருக்கலாமே, ஹில்யா," என்றேன்.

"நீ வெளி வீட்டுல இருக்க. அவ இங்கயே படுத்திருக்கா. என் கண்ணுக்கு நீலம் தெரிய மாட்டேங்குது, லீவி. சாம்பலும் அதுவும் ஒண்ணாத் தெரியுது. ஊருக்குப் போறவரைக்கும் அவ பாத்துச் சொல்லட்டுமே."

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிழங்கை உரித்து முடித்தேன். உரித்ததை ஹில்யா ஒருமுறை எடுத்துப் பார்த்து, நான் எடுக்காமல் விட்ட முளைக்கண்களைத் தடவித் தடவி மறுபடி செதுக்கினாள். நீலம் தெரியாத கண்ணுக்கு இது மட்டும் தெரிந்தது.

ஊருக்குப் போவது பற்றிச் சொன்னேன் அல்லவா? ஈஸ்டர் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று ஓர்னெல்லாவே சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் மூன்று வாரம் என்றுதான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். சுவரில் மரம் வெடிக்கிற சத்தம் கேட்டது. ஹில்யா தைஸ்தோவின் காரில் தேவாலயத்துக்குப் போனாள். பூசை முடிந்து காப்பியும் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். நான் விறகு கொண்டுவந்து வைத்தேன். ஓர்னெல்லா கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"லீவி, ராத்திரி முழுக்க இருமல். கண்ணு சொருகுது. நீலம் இன்னும் எரியுது. அடங்குனதும் நீயே மூடிடறியா?"

"நான் விருந்தாளி. தொடக் கூடாது."

"ஐயோ, இத்தன வருஷமா இருக்க, நீயா விருந்தாளி? நான்தான் விருந்தாளி. ஹில்யாகிட்ட நான் சொல்லிக்கறேன். அவ என்ன, அடிச்சுடுவாளா?"

அவள் தும்மிவிட்டுச் சிரித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்திருந்த வார்த்தை அது. அதைச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

அவள் மூச்சு சீராக வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தேன். நீலம் இருந்தது. மூலையில் மட்டுமில்லை, தணல் முழுக்க, சின்னச் சின்னதாக, நிறைய. ஓர்னெல்லா சொன்னது சரி, அழகாகத்தான் இருந்தது. தகட்டின் பிடியைப் பிடித்தேன். நினைத்ததைவிட லேசாக நகர்ந்தது. விளிம்புவரை தள்ளினேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். கட்டில் தலைமாட்டில் ஆணியில் ஒரு வெள்ளைக் கருவி தொங்குகிறதே, நஞ்சு பரவினால் கத்துவது, அது ஓர்னெல்லாவின் அம்மா அனுப்பியது. அதில் பேட்டரி இல்லாததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேட்டரி என் டார்ச்சில் இருக்கிறது. கொட்டகையில் இருட்டாக இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எடுத்தேன். ஆமாம், ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி. நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதால் சொல்கிறேன், நாள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கார் வந்தது. கொட்டகைக் கதவிடுக்கில் பார்த்தேன். தைஸ்தோ ஹில்யாவை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு வாசல் கதவு. அந்தக் குளிரில் வீடு முழுக்கத் திறந்து கிடந்தது. நான் உள்ளே போனபோது ஹில்யா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஓர்னெல்லாவின் விறைத்த காலுக்குக் கம்பளிக் காலுறை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் இன்னும் தேவாலயத்துக் குல்லா. தகடு திறந்திருந்தது.

என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். யார் மூடியது என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை.

"லீவி, ஆடுங்களுக்குத் தண்ணி வச்சியா?"

"வச்சுட்டேன்."

"சரி. நீ உன் வீட்டுக்குப் போ. போலீஸ் வருவாங்க. நான் பேசிக்கறேன். உனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நீ விருந்தாளி."

உங்களிடம் அவள் சொன்னது தைஸ்தோ மூலம் என் காதுக்கு வந்தது. தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் தானே தகட்டை மூடியதாகவும், கண் மங்கியதால் நீலம் தெரியவில்லை என்றும் சொன்னாளாம். என் வீட்டில் தகட்டை நான்தான் மூடுவேன், வேறு யாரும் தொடுவதில்லை என்றாளாம். "அவங்க அம்மா மாதிரியே ஆயிட்டா. யார் மூஞ்சியையும் பாக்க மாட்டேங்கறா," என்று தைஸ்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வயதான மனுஷியை நீங்கள் அலைக்கழிக்கக் கூடாது, உண்மை உண்மையாக இருக்க வேண்டும் என்று. வேறு காரணம் இல்லை. நான் அடுக்கிய விறகைக் கலைத்து அடுக்கினாள், பொறுத்துக்கொண்டேன். என் வலையைப் பிரித்தாள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் என் கையிலிருந்து வாங்கித் தன் கையால் செய்ததாக ஆக்கப் பார்க்கிறாள். இதை விட முடியாது. அவள் கிளம்பும்போது விறகு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது, அப்போது யாரும் தகட்டை மூட மாட்டார்கள். உங்களுக்கு அடுப்பு தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பீர்கள். மூடியது நான். நீலத்தைப் பார்த்து, ஓர்னெல்லா தூங்குவதைப் பார்த்து, தெரிந்தே மூடினேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை.

நான் யார் என்று எழுதுகிற இடத்தில் விருந்தாளி என்று மட்டும் எழுத வேண்டாம். விருந்தாளி தகட்டைத் தொடுவதில்லை.

இன்னும் நிறைய நேரம் ஆகுமா? காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்தேன், இந்நேரம் தணலாகியிருக்கும். ஹில்யா தனியாக இருக்கிறாள், அவளுக்கு நீலம் தெரியாது. இனி அந்த வீட்டில் பார்த்து மூட என்னை விட்டால் ஆளில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.