அஞ்சாவது பாட்டு

— அஞ்சரைக்கு எழுந்திருக்கேன். பால் காய்ச்சறேன். ரெண்டு கப் காபி போடறேன். ஒண்ணைக் குடிக்கிறேன், ஒண்ணை சிங்க்ல ஊத்தறேன். ரெண்டு கப்பையும் கழுவறேன். ஏழு மணிக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பறேன். நல்லாத்தான் இருக்கேன்.

— இதுக்குப் பேரு நல்லா இருக்கறதா? அக்கா போய் ஆறு வாரம் ஆச்சு அத்தான். இன்னும் ரெண்டு கப்பா?

— கை தானா போடுது.

— சரி, இன்னிக்கு ரெண்டாவது கப் எனக்கு. ஊத்திடாதீங்க. அதென்ன ஃப்ரிட்ஜ் மேல, பிரிக்காத பார்சல்?

— இசைத்தட்டு. அந்த ராக் பேண்டோட புது ஆல்பம். மூணு மாசம் முன்னாடியே சொல்லிவெச்சிருந்தா. அவ போன மறுவாரம் வந்துது.

— பதினோரு வருஷம் கழிச்சு வந்த ஆல்பம். அந்த ஆளுங்க படம் போட்ட டீஷர்ட்டை காலேஜ் பூரா போட்டுத் தேய்ச்சா. தரை துடைக்கக்கூட ஆகாதுன்னு அம்மா திட்டுவாங்க.

— அலமாரியில இருக்கு.

— ரசிகர் பக்கம் பார்த்தீங்களா? ஒரே அடிதடி. ‘கூரையைப் பிச்சுட்டு இருந்த பேண்டு, இப்ப தாலாட்டு பாடுது’ங்கறான் ஒருத்தன். ‘டிரம்மரை யாராவது எழுப்புங்கப்பா’ங்கறான் இன்னொருத்தன். அஞ்சாவது பாட்டுக்குத் தூக்க மாத்திரைன்னே பேரு வெச்சுட்டாங்க. எதிர்க்கூட்டமோ, ‘பாடறவருக்கு அறுபது வயசு, அந்த வயசைப் பாடறாரு, உங்களுக்குத்தான் காது இல்லை’ன்னு மல்லுக்கு நிக்குது. ஆனா கேளுங்க அத்தான், ரெண்டு கூட்டமும் கடைசியில ஒரே கேள்விதான் கேக்குது. ‘ஆறாம்தந்தி எங்க? ஆறாம்தந்தி என்ன மார்க் போட்டாங்க?’

— அவங்களுக்குத் தெரியாதா?

— அக்கா அந்தப் பேர்லதானே எழுதுவா. அது யாரு, எங்க இருக்கா, ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு. ‘பிடிக்கலை போல, அதான் வாயே திறக்கலை’ன்னு ஒருத்தன் போட்டிருக்கான். நீங்க ஒரு நாலு வரி எழுதிடுங்க.

— என்னன்னு? அவ கேக்காமலே போயிட்டான்னா?

— அத்தான்.

— எங்க வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். புது ஆல்பம் வந்தா முதல் தடவை சேர்ந்துதான். தரையில முதுகோட முதுகு ஒட்டி உக்காந்து, ஆளுக்கொரு சீட்டுல மார்க். முடியற வரைக்கும் பேச்சு கிடையாது. அன்னிக்குக் காலையிலதான் ஆல்பம் வெளியாச்சு. நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன், ஃபோன்ல கேக்கலாம்னேன். ஒம்பதாவது மாடிக்கும் பத்துக்கும் நடுவுல ஒரு லிஃப்ட் நின்னுடுச்சு. உள்ள மூணு பேர். இறக்கிட்டு நான் வரும்போது ஏழு. அவ ஆறேகாலுக்கே போயிட்டா.

— மூணு பேரை இறக்கினீங்க. ஊர் சுத்தப் போகலையே.

— ‘உங்களுக்காகக் கேக்காம வெச்சிருந்தா’ன்னு நீதான் சொன்னே. பதினோரு வருஷம் காத்திருந்தவ. கடைசி நாளும் காக்க வெச்சேன். அந்தப் பார்சலை நான் எப்படிப் பிரிக்க?

— இந்தப் பையைத் திறங்க.

— ஆஸ்பத்திரிப் பை. உன்கிட்டயா இருந்துது?

— என் கட்டிலுக்கு அடியில. திறங்க. சீப்புக்குக் கீழ ஒரு சீட்டு இருக்கும்.

— அவ கையெழுத்து. மருந்துச் சீட்டோட பின்பக்கம். ஒண்ணு, ஏழு. ரெண்டு, அஞ்சரை. மூணு... ‘ஐயோ கிழவா’ன்னு எழுதியிருக்கா. நாலு, எட்டு. அஞ்சுக்கு நேரா ஒண்ணும் இல்லை. இது என்ன? கேட்டாளா?

— மத்தியானத்துலேருந்து மூணு தடவை. ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு.

— ஆறு வாரமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கே.

— சொன்னேன். அவதான் சொல்லச் சொன்னா. இருந்திருந்தா அவளோட சண்டை போட்டாவது உண்மையைச் சொல்லியிருப்பேன். இப்ப யாரோட சண்டை போட? ஆனா சத்தியமா, அந்தக் காபியை ஊத்தறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு மேல என்னால முடியலை.

— சட்டத்தை மீறிட்டா.

— மூணு தடவை. திட்டணும்னா திட்டுங்க.

— திருடி.

— அத்தான், சிரிக்கறீங்களா?

— தெரியலை. கத்தரிக்கோலை எடு.

— பிரிக்கப் போறீங்களா?

— கிழிக்காம வெட்டணும். அட்டையில கீறல் விழுந்தா கத்துவா. நீ அப்படி முதுகைக் காட்டி உக்காரு. பேசக்கூடாது.

— ஆரம்பமே இவ்வளவு மெதுவா... சரி, சரி. பேசலை.

— ரெண்டாவதுக்கு அஞ்சரை அதிகம்.

— பேசக்கூடாதுன்னீங்க.

— ம்.

— இதோ, மூணாவது. இந்த இடம். கித்தார்ல தப்பான தந்தியைத் தொட்டுட்டு அப்படியே விட்டிருக்காங்க பாருங்க. இங்கதான் சிரிச்சா. நர்ஸ் எட்டிப் பார்த்தாங்க.

— சத்தமாவா சிரிச்சா?

— அந்த அளவுக்குத் தெம்பு ஏது? தோள் குலுங்குச்சு.

— நாலு முடிஞ்சுது. தட்டைத் திருப்பணும். அஞ்சாவது மறுபக்கம். எங்க எழுந்துட்டே?

— வெளிய. மாடிப்படியில உக்காந்துக்கறேன்.

— இரு. என்னால தனியா கேக்க முடியாது.

— இருக்க முடியாது அத்தான். அக்கா சொல்லியிருக்கா.

— ‘வந்துட்டாரா’ன்னு கேட்டதுதான் கடைசிப் பேச்சுன்னு நர்ஸ் சொன்னாங்களே.

— அதைக் கேட்டுட்டு அவங்க ரூமை விட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா. என்கிட்ட மட்டும்.

— என்ன சொன்னா?

— ‘உன் அத்தான் வந்தா நான் இன்னும் கேக்கலைன்னே சொல்லு. அஞ்சாவது பாட்டுல அவன் அழுவான். அப்ப நீ கொஞ்சம் வெளிய போயிடு, உன் முன்னாடி அவனுக்குக் கூச்சமா இருக்கும்.’