கிறவல் ரோட்டும் ஒரு கடைசி வசனமும்

— பிறகு?

— பிறகு ஒண்டுமில்லை, அங்கிள். ஐஞ்சரைக்கு எழும்புவன். முகம் கழுவுவன். தேத்தண்ணி. ஆறு மணிக்குப் பேஸ்மென்றுக்கு வந்து இந்தச் சைக்கிளிலை ஏறுவன். முக்கால் மணித்தியாலம். குளிப்பன். வேலை.

— சனிக்கிழமை?

— அதே. வேலை மட்டும் இல்லை.

— தம்பி வினோதன், கேளும். ‘மனைவியை இழந்த கணவனின் ஒரு நாள்’ எண்டு நினைவு மலரிலை உமக்கு முழுப்பக்கம் விட்டிருக்கிறன். நீர் சொன்னது நாலு வரி. அதிலையும் ஒண்டு தேத்தண்ணி.

— ரெண்டு தேத்தண்ணி. குளிச்சிட்டும் ஒண்டு குடிப்பன்.

— பேபி அக்கா, உங்கடை மருமோன் வாய் திறக்கிறாரில்லை. பத்து மணிக்கு மலர் அச்சுக்குப் போகவேணும். ஞாயிற்றுக்கிழமை துர்க்கா செத்து வருசம் முடியிற ஆட்டைத் திவசம். வாற இருநூறு சனமும் வெறுங்கையோடை போறதோ?

— அவர் கதைக்கமாட்டார், அருள்நாயகம். பிள்ளை செத்த கையோடை பிக்கரிங்கிலை மகன் வீட்டை விட்டிட்டு நான் இங்கை வந்து ஒரு வருசம். “மாமி, உப்பு” எண்டுவார். அதுவும் குறைஞ்சால்தான்.

— உது என்ன சைக்கிள், அக்கா? மனுசன் வேர்த்து விறுவிறுக்க மிதிக்கிறார், நிண்ட இடத்திலையே நிக்குது.

— பின்சில்லைக் கழட்டி மெசினிலை பூட்டியிருக்கு, அங்கிள். ஸ்கிறீனிலை ரோட்டு ஓடும். மேடு வந்தால் மிதி இறுகும்.

— எந்த ரோட்டு உது? எங்கடை மல்வேர்ன் பக்கம் மாதிரி இல்லையே. ஒரே பச்சையாக் கிடக்கு.

— இங்கிலாந்து. நாட்டுப்புறம்.

— எங்கடை துர்க்கா வரைபடத்திலை கீறின ரோட்டு, அருள்நாயகம். நாலு நாள் ஓட்டம். ஆறு மாசமாக் கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்து கீறினவள். எந்தப் படலையைத் திறக்கவேணும், திறந்தால் திருப்பிச் சாத்தவேணும், எந்தக் கடையிலை தேத்தண்ணி குடிக்கவேணும், எல்லாம் எழுதி வைச்சிருக்கிறாள். தார் ரோட்டு மட்டும் வரக்கூடாதாம். முழுக்கக் கல்லும் மண்ணுமான கிறவலாம்!

— கிறவலோ? பிளேன் ஏறிப் போய்க் கிறவலிலையோ ஓடுறது?

— நானும் அதைத்தான் கேட்டனான். “எங்கடை ஒழுங்கைக்குத் தார் போடச்சொல்லி உன்ரை கொப்பர் அரசாங்கக் கச்சேரி வாசலிலை மூண்டு நாள் குந்தியிருந்தவர், நீ கிறவலைத் தேடிப் போறியோ?” எண்டன். “அம்மா, உங்களுக்கு விளங்காது” எண்டு போனை வைச்சிட்டாள்.

— மாடு! தம்பி, நிப்பாட்டும்! குறுக்கை மாடு!

— வீடியோ, அங்கிள். ஆரோ ஓடி எடுத்தது.

— அது ஒரு வருசமா அதிலைதான் நிக்குது, அருள்நாயகம். எனக்கு அதின்ரை முகம் பாடம். இவர் முதல்நாள் ரோட்டையே திருப்பித் திருப்பி ஓடுறார். ரெண்டாம் நாளுக்குப் போறாரில்லை.

— ஏன், தம்பி?

— ரெண்டாம் நாள் மேடு. நிச ரோட்டெண்டால் இறங்கித் தள்ளலாம். இதிலை இறங்கினால் மெசின் நிண்டிடும்.

— உவர் நிச ரோட்டிலையும் தள்ளுற ஆள்தான். துர்க்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் மருத்துவிச்சியா இருந்த பன்ரண்டு வருசமும் சைக்கிள்தான். ஒருக்காலும் இறங்கித் தள்ளினதில்லை.

— யாழ்ப்பாணத்திலை எங்கை, அக்கா, மேடு?

— எதிர்க்காத்து இல்லையோ? மருந்துப் பெட்டியையும் கட்டிக்கொண்டு கடலுக்குக் குறுக்கை கிடக்கிற பண்ணைப் பாலத்திலை எதிர்க்காத்துக்குள்ளை ஒருக்கால் ஓடிப் பாரும். மேடு எவ்வளவோ திறம்.

— சரி சரி, விசயத்துக்கு வருவம். முன்பக்கப் படம். தம்பி, நீர் அனுப்பின பதினொரு படத்திலையும் பிள்ளை ஹெல்மெற்றோடை நிக்குது.

— அவ அப்பிடித்தான் நிண்டவ.

— பூசைக்கு வைக்கிற படமெல்லே? அதாலை நான் ஹெல்மெற்றை அழிச்சு, ஒரு பொட்டு வைச்சு, கொஞ்சம் பூவும் வைச்சிருக்கிறன். கேளும், செலவில்லை. பாரும் இதை.

— இது ஆர், அங்கிள்?

— துர்க்கா.

— இல்லை.

— காட்டும் பாப்பம், அருள்நாயகம். என்ன கோதாரி இது! மூக்கு என்ரை மூக்கு. மிச்சம் ஆருடையதெண்டு தெரியேல்லை. ஹெல்மெற்றைத் திருப்பிப் போடும்.

— போடுறன், போடுறன். ஆனால் பாட்டிலை மட்டும் ஒருத்தரும் கைவைக்கக்கூடாது. ரெண்டு கிழமை நித்திரை முழிச்சு எழுதினது. கேளும்:

“போய்வருவேன் என்றுரைத்துப் பொன்கதவு தாண்டியவள்
வாய்மறந்து போனாளோ வாராமல் நின்றாளே!”

— எங்கடை கதவு பச்சை, அங்கிள்.

— மோனை வேணுமெல்லே, தம்பி! கதவை விடும், ‘போய்வருவேன்’ எண்டதைப் பாரும். பிள்ளையின்ரை கடைசி வசனம். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் பதினாறு பாட்டும் நிக்குது.

— அதை எடுங்கோ.

— எதை?

— பதினாறையும். அவ அப்பிடிச் சொல்லேல்லை.

— என்ன கதை இது? செத்தவீட்டிலை நீர்தானே சொன்னீர்!

— நீங்கள்தான் சொன்னீங்கள். “போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போயிருப்பாள்?” எண்டு கேட்டீங்கள். நான் தலையாட்டினன். அண்டைக்கு எல்லாத்துக்கும் தலையாட்டினன். மட்டன் ரோல்ஸ் அறுநூறு வந்ததும் அப்பிடித்தான்.

— எட கடவுளே! பேபி அக்கா, இதென்ன?

— எனக்கு அப்பவே சந்தேகம், அருள்நாயகம். என்ரை பிள்ளை ஒருநாளும் போயிட்டு வாறன் எண்டு சொன்னவளில்லை. பாண் துண்டைக் கடிச்சுக்கொண்டு பாதிக் கதையிலை கதவைச் சாத்துவாள். சொல்லுங்கோ, தம்பி. என்ன சொன்னவள்?

— மலருக்குச் சரிவராது, மாமி.

— மலர் கிடக்கட்டும். எட்டு மணிக்கு இந்த வீட்டாலை வெளிக்கிட்டவள். ஒன்பது மணிக்கு பஸ்ஸிலை சரிஞ்சு விழுந்தவள். தலைக்குள்ளை நரம்பு வெடிச்சதாம், அதுக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. என்னோடை அவள் கடைசியாக் கதைச்சது அதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னம். அந்தக் கிறவல் கதைதான். “உங்களுக்கு விளங்காது” எண்டு வைச்சவள். ஒரு வருசமா அதைத்தான் கேட்டுக்கொண்டு படுக்கிறன், தம்பி. எனக்கு அவளின்ரை வேறை ஒரு வசனம் வேணும். ஆரையும் ஏசினதெண்டாலும் பரவாயில்லை.

— நான் எழுதமாட்டன், தம்பி. பாரும், பேனையை மூடிட்டன். சொல்லும்.

— லீவு கேட்டீங்களோ எண்டு கேட்டா. அண்டைக்கு இங்கிலாந்துக்குப் பிளேன் ரிக்கற் போட இருந்தவ. நான் மாட்டன் எண்டன்.

— என்னெண்டு மாட்டன் எண்டீங்கள்?

— நாலு நாளும் மேட்டிலை தள்ளிக்கொண்டு நடக்கேலாது, ஆடு பாத்துச் சிரிக்கும் எண்டன்.

— கோவிச்சவளோ?

— இல்லை, மாமி. சிரிச்சா. காலிலை சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே சிரிச்சா. அதுதான் எனக்குச் சொல்ல வராமல் கிடந்தது. நீங்கள் ஒவ்வொரு நாளும் இந்தக் கதிரையிலை இருந்து அந்த மாட்டைப் பாக்கேக்கை எல்லாம் உங்களுக்குச் சொல்ல வெளிக்கிடுவன். பிறகு உப்புத்தான் கேப்பன்.

— எனக்கோ? எனக்கு அதிலை என்ன கிடக்கு?

— கதவைத் திறந்துகொண்டு சொன்னவ. “சரி, நீங்கள் வராட்டி விடுங்கோ. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். அவ ஒரு மேட்டிலையும் இறங்கித் தள்ளமாட்டா.”