இன்டர்கூலருக்கு ஒரு பட்டாணி பாக்கெட்

இல்ல சார், நான் எங்க மறுத்தேன்? உங்க மெஷின் தொண்ணூத்தி நாலுன்னு காட்டினா தொண்ணூத்தி நாலுதான். என் வண்டி மீட்டர்ல எண்பத்தஞ்சுக்கு மேல நம்பரே கிடையாது, அந்தக் காலத்து வண்டி. முள்ளு போய் மூலையில ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது.

குடிச்சிருக்கேனாவா? ஞாயித்துக்கிழமை காலையில ஒரு காப்பி, ரெண்டு துண்டு ஏலக்காய் ரொட்டி. வேணும்னா ஊதறேன், ஏலக்காய் வாசம்தான் வரும்.

இந்தாங்க லைசென்ஸ். ரெய்னோ கங்காஸ். ஆமா, பக்கத்து கவுன்ட்டி. ரிட்டயராகற வரைக்கும் பனி வார்ற லாரி ஓட்டினேன். மணிக்கு இருவது மைல். அதைச் சேத்து வச்சு இப்ப ஓட்டறீங்களான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.

காரணம் சொன்னா சிரிப்பீங்க. இன்டர்கூலர்.

அதான் சார், பம்பருக்குப் பின்னால பளபளன்னு, சின்ன ரேடியேட்டர் மாதிரி. குனிஞ்சு பாருங்க. கைய வச்சிடாதீங்க... இல்ல, வைங்க வைங்க. சுடலைல்ல? அதுதான் விஷயமே.

இது எண்பத்தஞ்சு மாடல் ப்யூக். டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. அடுத்த வருஷ வண்டிக்கு வச்சிட்டாங்க, என் ராசி அப்படி. டர்போ காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். அமுக்கினா காத்து சூடாயிடும். சூடான காத்து உள்ள போனா பெட்ரோல் கண்ட நேரத்துல வெடிக்கும். உள்ள எவனோ சின்னச் சுத்தியலை வச்சுத் தட்டற மாதிரி டக்டக்குன்னு கேக்கும். அதோட விடாம மிதிச்சா பிஸ்டன் போச்சு. அதனால நானும் மடியில முட்டையை வச்சுக்கிட்டு ஓட்டற மாதிரி ஓட்டிக்கிட்டிருந்தேன்.

போன செப்டம்பர்ல சர்ச்சுல பான்கேக் விருந்து. வாசல்ல பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு அம்மா கையில தட்டோட வந்து எட்டிப் பாத்தாங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு, அப்ப அந்தக் காத்தைக் குளிர வச்சு உள்ள அனுப்ப வேண்டியதுதானேன்னாங்க, கொழம்பு சூடா இருந்தா ஆத்திக் குடுன்னு சொல்ற மாதிரி. எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்த வாரமே இஷ்பெமிங் டவுனுக்குப் போய் பழைய இரும்புக் கடையில ஒரு டீசல் லாரியோட இன்டர்கூலரைக் கழட்டிட்டு வந்தேன். அவங்களும் கூட வந்தாங்க. விலை பேசினது அவங்கதான்.

ஆமா சார், வண்டியில ரெண்டு தலை தெரிஞ்சுதுன்னு சொன்னீங்கல்ல, அது அவங்கதான். அதோ, அந்த மர டாய்லெட்ல இருக்காங்க. உங்க விளக்கு சுத்த ஆரம்பிச்சதும் கண்ணாடியில பாத்தாங்க, இந்தப் பார்க்குக்குள்ள திருப்புன்னாங்க, வண்டி நிக்கறதுக்குள்ள இறங்கி ஓடிட்டாங்க. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கதையைச் சொல்லிடறேன், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

மாட்டறது ஒண்ணும் கஷ்டமில்ல. பம்பர் உள்பக்கத்தை அறுத்து, குழாயை வளைச்சு, ரப்பர் ஹோஸைச் சொருகி, திருகு வச்ச கிளாம்ப் போட்டு இறுக்கிட்டேன். முதல் நாள் மிதிச்சேன் பாருங்க, ஒரு குழாய் பிச்சுக்கிட்டுப் போய் துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். மானெல்லாம் காட்டுக்குள்ள ஓடுது. அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் எங்கயோ காத்து கசிஞ்சுது. குழாய் பூரா சோப்புத் தண்ணியைத் தடவி, குமிழி விடற இடத்தைக் கண்டுபிடிச்சது அவங்கதான்.

மாட்டினதுக்கப்புறம்தான் நிஜமான வேலை. குளிர்ந்த காத்து கெட்டி. அதிகமா உள்ள போகும், அதுக்குத் தகுந்த பெட்ரோல் குடுக்கணும். குறைஞ்சா இன்ஜின் காலி, கூடினா பின்னால கறுப்புப் புகை. பெட்ரோல் திருகைக் கால் சுத்து திருகறது, ஓட்டிப் பாக்கறது, மறுபடி கால் சுத்து. ஓட்டறதுன்னா சும்மா இல்ல, மேட்டுல முழுசா மிதிக்கணும். நான் ரோட்டைப் பாப்பேனா, மீட்டரைப் பாப்பேனா? அவங்க பக்கத்துல உக்காந்து தட்டுது, தட்டலைன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க. பயமா? மிதி, இன்னும் மிதின்னு என்னை விரட்டறதே அவங்கதான் சார்.

ஓட்டி ஓட்டி இன்டர்கூலரே சூடாயிடும். அது ஆற ஒரு மணி நேரம் யார் காத்திருக்கறது? அவங்க வீட்டு ஃப்ரீசர்லேருந்து பட்டாணி பாக்கெட் எடுத்துட்டு வந்து மேல அடுக்கிடுவாங்க. அஞ்சு நிமிஷத்துல வண்டி ரெடி. பட்டாணியைத் திரும்பக் கொண்டு போய் ஃப்ரீசர்ல போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி அவங்க மகன் சாப்பிட வருவாரு, அவருக்கு அதைத்தான் வேக வச்சுப் போடறது. என்னம்மா, பட்டாணி கூழா இருக்கேன்னா, ஃப்ரீசர் சரியில்லப்பான்னு சொல்லிடுவாங்க. பாவம், அந்தப் புள்ள ஈஸ்டருக்குப் புது ஃப்ரீசரே வாங்கிக் குடுத்துட்டாரு.

என்ன சார், எழுதறதை நிறுத்திட்டீங்க?

சரி, மெதுவா எழுதுங்க. எனக்கு அவசரமில்ல.

நாங்க கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கோம். இந்த வயசுல என்னன்னு நினைக்காதீங்க. ஜனவரியிலயே பேசிட்டோம். மகன்கிட்டச் சொல்லணும், அதுலதான் சிக்கல். அப்பா போனதுலேருந்து அவருதான் அம்மாவைப் பாத்துக்கறாரு. நல்ல புள்ளதான், கொஞ்சம் கறாரு. ஞாயித்துக்கிழமை காலையில அம்மா சர்ச்சுல கோரஸ் பாடப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. முதல்ல பனி உருகட்டும்னாங்க. அப்புறம் ஈஸ்டர் போகட்டும்னாங்க. கடைசியா, வண்டி சரியாகற அன்னிக்குச் சொல்லிடறேன்னாங்க.

வண்டி சரியாகவே மாட்டேங்குது சார். ஒவ்வொரு வாரமும் ஒரு கிளாம்ப் தளர்ந்து கிடக்குது. ஒரு தடவை தளரும், ஒத்துக்கறேன். வாராவாரம் எப்படித் தளரும்? போன மாசம் அவங்க பின்னல் பையை நகர்த்தி வைக்கப் போனேன், உள்ள என் சின்ன ஸ்க்ரூ டிரைவர். நூல்கண்டுக்குள்ள சொருகி வச்சிருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா அழுதுடுவாங்க. வச்ச எடத்துலயே வச்சிட்டேன். பாதி ராத்திரி யோசிச்சேன், என்னை வேணாம்னு தோணிடுச்சோன்னு. வேணாம்னா நேராச் சொல்ற ஆளு அவங்க. அப்ப பயம்தான். எண்பத்தஞ்சைத் தாண்டிப் போகும்போதும் மிதின்னு சொல்றவங்களுக்கு மகன் முகத்தைப் பாக்க பயம்.

இன்னிக்கு அவங்க காப்பி குடிச்சுக்கிட்டிருந்தப்ப எல்லாக் கிளாம்பையும் நான் இறுக்கிட்டேன். கிளம்பினோம். மேட்டுல முழுசா மிதிச்சேன். ஒரு தட்டல் இல்ல. புகை இல்ல. வெண்ணெய் மாதிரி போகுது. ஏரிக்காத்து வேற ஜில்லுன்னு. நான் திரும்பிப் பாக்கறேன், மீட்டரைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. தட்டுதான்னேன். தட்டல ரெய்னோன்னாங்க. சின்னக் குரல்ல. அப்பதான் பின்னால உங்க விளக்கு.

இல்ல தம்பி, தற்செயலெல்லாம் இல்ல. தம்பின்னு கூப்பிடலாம்ல? ஞாயித்துக்கிழமை காலையில நீங்க அந்தச் சரளை மேட்டுக்குப் பின்னால வண்டியைப் போட்டுக்கிட்டு நிப்பீங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. அதனாலதான் இத்தனை மாசமா இந்த ரோட்டுப் பக்கமே நாங்க வரல. இன்னிக்கு முக்குல நான்தான் திருப்பினேன். அவங்க கவனிக்கல, கண்ணெல்லாம் மீட்டர்ல. நீங்க சீட்டை எழுதிக் குடுங்க. எவ்வளவு போட்டாலும் சரி, நியாயந்தான்.

உள்ள கொசு பிச்சுத் தின்னும் இந்நேரம். நான் கூப்பிட்டா வரமாட்டாங்க, என் மேல கோவமா இருப்பாங்க. நீங்க போங்க. அந்தப் போலீஸ் தொப்பியைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க. கதவைத் தட்டி அம்மான்னு ஒரு தடவை கூப்பிடுங்க, போதும்.