கப்பலேறும் பாக்கெட்டில் மட்டும் படம்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு சாரத்தில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும்.

“வெளிநாட்டுக்காரன் வாய்க்குத்தான் புண்ணு வருமாடா?” என்று அவள் கேட்டதும் நான் காது கொடுத்தேன். புகையிலை எதிர்ப்புச் சங்கத்துக்காரியாம். உள்ளூர் பாக்கெட்டில் படம் கட்டாயமாகாத காலம் அது. ஏற்றுமதியாகும் சிகரெட் பாக்கெட்டில் இருக்கிற புற்றுநோய்ப் படத்தை உள்ளூர் பாக்கெட்டிலும் போடச் சொல்லி அதிகாரியிடம் கேட்கப் போகிறாள்.

தம்பி, கம்பெனியில் அந்தப் படத்தை ஒட்டுகிறவன். பையிலிருந்து ஒரு பாக்கெட்டைப் பாதி வெளியே எடுத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே அந்த அழுகிய வாய் ஒரே பார்வையில் விளங்கியது.

“அடியில நம்பர் இருக்குக்கா. எங்க ஷிப்டுன்னு தெரிஞ்சிடும். அத கிழிச்சிடு.”

“கிழிச்சா, நீங்களே அச்சடிச்சதுன்னுடுவாரு அதிகாரி.”

“எம் பொழப்பு போயிடும்க்கா.”

“அப்ப நீயே வச்சிக்க. நான் வெறுங்கையோட போறேன்.”

அவன் பாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் தள்ளினான். தன் ஸ்டாப்பில் இறங்கும்போது அவன் பாக்கெட்டைக் கிழிக்காமலே எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“வேலை போச்சுன்னா, ஒங்க சங்கத்துப் போஸ்டர் ஒட்ட என்னையே கூப்புடு. கோணாம ஒட்டுவேன்.”