நெயில் பாலிஷ் கோடு

— உங்க வூட்டு சாரு ரோடு தாண்டட்டும்கா. அப்பறம் சொல்றேன்.

— எதுக்கு தம்பி? அவர் இருக்கும்போதே சொல்ல வேண்டியதுதானே.

— அவர வெச்சுகினு பேசற விஷயம் இல்ல. அதான் எதிர் கடைல பிளக் ஒயர் வாங்கியாங்க சார்னு அனுப்பிட்டேன். ஒயர்லாம் நல்லாத்தான் கீது.

— அப்ப எதுக்கு இந்த டிராஃபிக்ல அவரைத் தனியா... வேளச்சேரி ரோடு தம்பி இது. பஸ்ஸெல்லாம் எப்படி வருது பாருங்க.

— இன்னாக்கா நீங்க. அறுவத்தஞ்சு வயசு மனுஷன். எல்கேஜி புள்ளைய அனுப்புனா மாதிரி பாத்துகினு நிக்கறீங்க.

— ...சரி, சொல்லுங்க. வண்டிக்கு என்ன?

— அத்த நான்தான் உங்கள கேக்கணும். ரெண்டு மாசத்துல மூணாவது வாட்டி வந்துகிறீங்க. மொத வாட்டி ரெண்டாவது சிலிண்டர் மிஸ் அடிச்சுது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பிளக் மாத்தினேன்.

— இருபது வருஷத்து கார். ஏதாவது ஒண்ணு வந்துட்டேதான் இருக்கும்.

— வரும். வந்த எடத்துலயே வரும். போன மாசம் பாத்தா ரெண்டாவது ஜம்முனு ஓடுது, மூணாவது படுத்துகீது. பிளக்குக்கு கரண்ட் அனுப்பற காயில் மாத்தினேன். அப்பவே எனக்கு பேஜாரா பூட்ச்சு. கோளாறு இப்டி வூடு மாத்திகினு போவாதுக்கா.

— நீங்க சரியா மாட்டாம விட்டிருப்பீங்க.

— நானும் அப்டித்தான் நெனச்சேன். கை தப்பிடுச்சோன்னு என் மேலயே சந்தேகம். அதான் போன வாட்டி ஒரு வேலை செஞ்சேன். பிளக் மேல மாட்டற மூடி கீது பாருங்க, நாலையும் அமுத்தி மாட்டிட்டு, மூடிலேருந்து இன்ஜின் வரைக்கும் ஆளுக்கொரு கோடு. என் வூட்டுக்காரி நெயில் பாலிஷ். ரோஸ் கலரு.

— நெயில் பாலிஷா.

— சிரிக்காதீங்க. எவ்ளோ சூட்டுலயும் போவாது அது.

— நான் சிரிக்கல தம்பி.

— இப்ப பாருங்க. ஒண்ணு... கோடு நேரா கீது. நாலாவதும் அப்டியே. ரெண்டைப் பாருங்க. மூணைப் பாருங்க. கோடு ரெண்டா பிரிஞ்சு கீதா? யாரோ மூடியத் திருகி, பாதிக்கு மேல தூக்கி வுட்டுகிறாங்க. மேலாப்புல பாத்தா மாட்டினா மாதிரியே தெரியும். எப்டித்தான் இங்க வரைக்கும் நொண்டிகினு வந்துச்சோ...

— அவர் ஏன் நடுவுல நிக்கிறார்?

— எங்க?

— மீடியன்ல. வண்டி எதுவும் வரல. இப்ப போகலாம். ஏன் போகாம நிக்கிறார்...

— பாத்துதானக்கா போவணும்.

— கூப்பிடலாமா... வேணாம். கூப்பிட்டா திரும்புவார், கால் இறங்கிடும். ஐயோ, பஸ் மறைக்குது. தம்பி, உங்களுக்குத் தெரியுதா? எனக்குத் தெரியல.

— இருங்க... இருங்க. தாண்டிட்டாரு. கடைக்குள்ள போறாரு பாருங்க, வெள்ளை சட்டை. இன்னாக்கா, வண்டிய இப்டி புடிச்சுகினு நிக்கறீங்க? அந்த ஸ்டூல்ல குந்துங்க.

— ஒண்ணும் இல்ல. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம வந்துட்டேன்.

— சாருக்கு வேண்டாதவங்க யார்னா இருக்காங்களா? பார்க்கிங் சண்டை, அது இதுன்னு...

— அவருக்கா? திருமுடிவாக்கத்துல ஒரு கம்பெனில முப்பது வருஷம் மெஷின் டிராயிங் போட்டவர். கோடு கோணலா போனாதான் கோபம் வரும். மனுஷங்ககிட்ட வராது.

— அப்ப வெளியாளு இல்ல. கிட்ட வாங்க. இந்த ரெண்டாவது மூடி. ரப்பர் மேல இன்னாது இது?

— அழுக்கு.

— இருவத்தஞ்சு வருஷமா இன்ஜின் பாக்கறேன். கருப்புல பாத்துகிறேன் அழுக்கு. மஞ்சள்ல பாத்தது இல்ல. உங்க கையக் காட்டுங்கன்னு நான் கேக்கலக்கா.

— நேத்து... மீனுக்கு மசாலா தடவிட்டு இருந்தேன். அவர் குளிக்கப் போனார். சாவி மேசை மேலயே இருந்துது. கை கழுவக்கூட நேரம் இல்ல. தம்பி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும்...

— அய்ய, குந்துங்க மொதல்ல. யாரு கத்துக் குடுத்தது இத்தெல்லாம்?

— நீங்கதான். போன வருஷம் ஒவ்வொரு மூடியா இழுத்து, எதை இழுத்தா சத்தம் மாறலையோ அதுதான் செத்த சிலிண்டர்னு அவருக்குக் காட்டினீங்க. நான் பக்கத்துல குடை பிடிச்சிட்டு நின்னேன்.

— குடை புடிச்சிகினே கத்துகினீங்களா. ஐடிஐ படிச்சவனுக்கு ஆறு மாசம் ஆவும்... சரி. ஏன்?

— வந்துடுவாரா?

— அந்தக் கடைக்காரன் பேச ஆரம்பிச்சா வுடமாட்டான். சொல்லுங்க.

— ரெண்டு மாசம் முன்னாடி. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். பச்சை விழுந்துது, அவர் எடுக்கல. பின்னாடி எல்லாரும் ஹாரன். நான் தோளைத் தொட்டு, என்னங்க, என்னங்கன்னு... கண்ணு திறந்துதான் இருந்துது தம்பி. உள்ள ஆள் இல்ல.

— எவ்ளோ நேரம்?

— மறுபடி சிவப்பு விழற வரைக்கும். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் பச்சை போடலையான்னு கேட்டார்.

— டாக்டராண்ட இட்டுனு போலாம்ல.

— போகலாமான்னேன். யாருக்குன்னார். உங்களுக்குத்தான்னு சொல்ல வாய் வரல. சொல்லிட்டா அது நிஜமாயிடும் போல இருந்துது. முட்டி வலிக்கு, எனக்குன்னு சொல்லிட்டேன்.

— அதுக்கு பதிலா வண்டிய படுக்க வெச்சீங்க.

— வண்டி ஓடலைன்னா அவர் ஓட்டமாட்டாரே. இப்ப திங்கக்கிழமைலேருந்து பேத்தியை தினமும் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். பொத்தேரில எங்க பொண்ணு அஞ்சலி வீடு. ஸ்கூல் வேன் இனிமே வராதாம். அப்பா இருக்கார்னு அஞ்சலி எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இன்னிக்கே வண்டியைக் காட்டுங்கன்னு போன் மேல போன். ஜிஎஸ்டி ரோடு தம்பி. லாரி. ஓவியாவுக்கு ஏழு வயசு.

— ...உம். சாராண்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா மூணாவத ஏன் கழட்டினீங்க? ரெண்டாவது ஒண்ணே போதுமே.

— மூணாவதா? நான் ரெண்டாவதுதான்.

— மூணாவதும் கழண்டு கீதுக்கா.

— சாமி சத்தியமா நான் தொடல. பக்கத்துல நீல ஒயர் போகும், அந்த ஒண்ணுதான் எனக்கு அடையாளம் தெரியும். வேற எதையாவது இழுத்து ஷாக் அடிச்சிடுமோன்னு பயம்.

— அப்ப போன மாசம் மூணாவது போச்சே. அதுவும் நீங்க இல்லியா?

— இல்ல. கடவுளாப் பார்த்துக் கெடுத்தார்னு நெனச்சேன். தேங்காய்கூட உடைச்சேன்.

— இதுல மஞ்சளும் இல்ல... ஆனா இங்க பாருங்க. எல்லாம் தூசி. மூணாவது மட்டும் துணி வெச்சுத் தொடைச்சா மாதிரி பளிச்சுனு கீது. யாருக்கா உங்க வூட்ல அவ்ளோ சுத்தம்?

— வர்றார். தாண்டிட்டார். பேசாதீங்க தம்பி.

— வாங்க சார். கெடச்சுதா?

— ஒரே செட்டுதான் இருந்துது பொன்னுரங்கம். பரவாயில்லையா?

— வேணாம் சார். கோளாறு தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது மூடி லூசு. அவ்ளோதான்.

— ரெண்டாவது மட்டுமா? மூணு?

— ...மூணா சார்?

— இல்ல, போன தடவை மூணுன்னு சொன்னியே. அதை வெச்சுக் கேட்டேன்.

— ரெண்டு, மூணு ரெண்டையும் அமுத்தி மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணா சும்மா பூ மாதிரி ஓடும். இந்தாங்க சாவி.

— இருக்கட்டும். நீயே வெச்சுக்கோ.

— சார்?

— ஓட்டிப் பாரு. ஏதாவது உள்ள இருக்கும்.

— இன்ஜின்ல ஒண்ணும் இல்ல சார்.

— இருக்கும். நல்லா பாரு. திங்கக்கிழமைக்குள்ள ஆகாதுன்னு சொல்லு. நீ சொன்னேன்னு அஞ்சலிகிட்ட நான் சொல்லிக்கறேன்.

— ...ஆவாது சார். திங்கக்கிழமைக்கு ஆவவே ஆவாது. நான் அப்டிப் போய் கை கழுவிகினு வரேன்.

— உட்காருங்க, என்னங்க. இந்த ஸ்டூல்ல உட்காருங்க. வேர்த்திருக்கு.

— வெயில்தான்.

— ரோட்டுக்கு நடுவுல நின்னீங்களே... எதுக்கு?

— நின்னேனா? எவ்ளோ நேரம், மஹா?

— கொஞ்ச நேரம். கொஞ்ச நேரந்தான். நீங்க கார்க் கண்ணாடி முதல் காபி டம்ளர் வரைக்கும் தொடைச்சுத் தொடைச்சு வைப்பீங்க. அந்த மூணாவது மூடியையும் தொடைச்சிட்டுத்தான் பானெட்டை மூடினீங்களா?

— காலைல பானெட்டைத் திறந்தேன். ரெண்டாவதுல மஞ்சள் இருந்துது. அதை மட்டும் தொடைக்க மனசு வரல.

— தெரிஞ்சுமா என்னை ஒரு வார்த்தை கேக்கல?

— நீ என்னைக் கேட்டியா?

— எப்படிக் கேப்பேன்... அன்னிக்கு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல உங்களை அப்படிப் பார்த்ததுக்கு அப்புறம் எப்படிக் கேப்பேன். நீங்களும் அதுக்குத்தானே மூணைக் கழட்டினீங்க?

— சிக்னலா? எந்த சிக்னல்?... போன மாசம் ஒரு நாள் வேன் வரலைன்னு ஓவியாவைக் கூட்டிட்டு வந்தேனே, அன்னிக்கு மஹா. ஸ்கூல் கேட்ல குழந்தை ஏறி கதவைச் சாத்தினா. அடுத்து எனக்குத் தெரிஞ்சது நம்ம வீட்டு வாசல். அவ பின்னாடி பாட்டுப் பாடிட்டு இருந்தா... நடுவுல வந்த ரோட்டை இன்னும் தேடிட்டுதான் இருக்கேன்.